கூட்டலுக்கு நீதி வழங்கிய பொன்விழா

கணிதத்தைக் கண்டுபிடித்தவர்கள் பலர் இருக்கலாம். அதைக் கூட்டம் போட்டுப் பேசித் தீர்த்து, ஒருமனதாகத் திருத்தி அமைத்த பெருமை, கேரளத்து எல்லையோரம் உதியன்குளங்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கே உரியது. பழைய கணித மேதைகளுக்கு அறிவு இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் பாவம், அவர்களுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இல்லை.

இந்த மகத்தான திருத்தத்துக்குக் காரணமானவர் சரோஜம் டீச்சர். தற்காலிக வேலை. 'நிரந்தரம்' என்ற சொல்லைப் பள்ளி மானேஜர் விஜயதாஸ் ஒவ்வோர் ஓணத்துக்கும் ஒருமுறை உச்சரித்துவிட்டு, மறு ஓணம்வரை பத்திரமாகப் பூட்டி வைத்துக்கொள்வார். இந்த முறை, பள்ளியின் பொன்விழா முடிந்ததும் நிச்சயம் என்றார். விழாவில் ஏதாவது கோளாறு நடந்தால் வருகிற ஜூனில் வேறொரு டீச்சர் வருவார் என்றும் சொல்லிவைத்தார். நல்ல மனிதர், எதையும் ஒளிப்பதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. 'விளையாட்டு வழிக் கல்வி' என்னும் புது ஞானம் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தது. சரோஜமும் பயிற்சிக்குப் போய், பாட்டுப் பாடி, கை தட்டி, ஒரு கட்டு வண்ண அட்டையோடு திரும்பியிருந்தார். ஏழாம் வகுப்புக்கு இயற்கணிதம் தொடங்க வேண்டும். அதற்கு முன்னால், ஒரு கணக்கில் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று பிள்ளைகளுக்குப் பிடிபட வேண்டும். அட்டைகளைக் கழுத்தில் மாட்டி ஐந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார். ஆறு, கூட்டல், நான்கு, பெருக்கல், ஐந்து.

பெருக்கலாக நின்ற தீபு, நான்கையும் ஐந்தையும் கையைப் பிடித்து இழுத்து இருபதாக்கினான். அதுவரை பொறுமையாக நின்ற கூட்டல் நீது, பிறகு அந்த இருபதோடு ஆறைச் சேர்த்தாள். இருபத்தாறு! வகுப்பில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. சரோஜத்துக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. இதையே பொன்விழா மேடையிலும் நடத்திக் காட்டுவது என்று தீர்மானித்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதை அங்கேதான் ஆரம்பம்.

நீதுவின் அப்பா தங்கையன்தான் சங்கத்தின் தலைவர். ரேஷன் கடையில்கூட வரிசையில் நின்றறியாத குடும்பம். தீபு முடிக்கிறவரை தான் காத்து நின்றதாக மகள் வீட்டில் பெருமையாகச் சொன்னாள். மறுநாளே அவசரக் கூட்டம் கூடியது.

"எனக்க மவ எதுக்கு காத்து நிக்கணும்?" என்று தொடங்கினார் தங்கையன். "முன்னால நிக்குதது அவ. பொறத்தால நிக்குத பய எப்பிடி முந்தினான்?"

"அது கணக்குக்க முறையாக்கும்," என்றார் சரோஜம். "முதல்ல பெருக்கல், அது கழிஞ்சுதான் கூட்டல்."

"ஆரு வச்ச முறை?"

"லோகம் முழுக்க உள்ளதாக்கும் ஸாரே."

"லோகமா வந்து இஞ்ச பந்தல் போடுது? பந்தல் போடுதது நானாக்கும்!"

வாதத்தின் வலிமையில் கூட்டம் அசந்துபோய் உட்கார்ந்திருந்தது. அப்போது தீபுவின் அம்மா சாராம்மா எழுந்தார்.

"முந்திப் போன எனக்க பிள்ளைய இனி பொறத்தால தள்ளினா நான் விடமாட்டேன், கேட்டீளா. அவனுக்குப் புதுச் சட்டை தச்சு வச்சிருக்கு."

இரு தரப்பு நியாயங்களும் தீர ஆராயப்பட்டன. ஒரு வருஷம் பெருக்கல், மறு வருஷம் கூட்டல் என்று மாறி மாறிச் செய்யலாம் என ஓர் உறுப்பினர் யோசனை கூறினார். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்துவிட்டால் பிணக்கே இல்லை என்றார் இன்னொருவர்.  சரோஜத்துக்கு ஒரு வழி தோன்றியது.

"ஆறு, கூட்டல், நாலு, இதுக்க ரண்டு பக்கமும் ஒவ்வொரு பிள்ளைய அடைப்புக்குறியா நிறுத்துவோம். அப்போ கூட்டல் முந்தலாம். கணக்கும் தப்பாது."

தங்கையன் முகம் சிவந்துவிட்டது. "எனக்க மவளுக்கு ரண்டு பக்கமும் காவலா? அவ என்ன களவா எடுத்தா?"

கணிதத்துக்கு இருந்த ஒரே கதவும் அப்படிச் சாத்தப்பட்டது.

மானேஜர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "அடைப்பும் வேண்டாம், கிடைப்பும் வேண்டாம். சும்மா நீது முந்தினா எவ்வளவு வரும் டீச்சரே?"

"ஐம்பது ஸாரே. ஆனா அது தப்பாக்கும்."

"ஐம்பதா!" மானேஜர் எழுந்தே விட்டார். "நம்ம ஸ்கூளுக்கும் ஐம்பதாக்கும்! பொன்விழா மேடையில ஐம்பது! இதை விட்டுட்டு இருபத்தாறைச் சொல்லிட்டு நிக்கியளே. இருபத்தாறைத்தான் ஜனவரியில கொடியேத்திக் கழிச்சாச்சே!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கடைசியில் மைக்கில் விடையை அறிவிக்கிற கௌரவம் தீபுவுக்கு என்றதும் சாராம்மாவும் குளிர்ந்தார். தீர்மானம் எழுதப்பட்டது.

"டீச்சருக்கு எதிர்ப்பு உண்டோ?" என்று கேட்டார் மானேஜர், சிரித்துக்கொண்டே.

சரோஜம் ஜூன் மாதத்தை நினைத்துக்கொண்டார். "இல்ல ஸாரே."

ஒருமனதாக என்றால் இதுதான்.

விழாவன்று மேடையில் நீது பழக்கதோஷத்தில் தீபுவுக்காகக் காத்து நின்றாள். பிறகு ஓரத்தில் நின்ற டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் 'போ, போ' என்று கையை அசைத்தார். நீது ஆறையும் நான்கையும் சேர்த்தாள், தீபு ஐந்தை இழுத்தான், "ஐம்பது!" என்று மைக் அலறியது. பந்தலே எழுந்து நின்று தட்டியது. 'கணிதத்தையே விழாக்கோலம் பூணச் செய்த ஆசிரியை' என்று சிறப்பு விருந்தினர் பாராட்டினார். அந்த வாரமே நிரந்தர உத்தரவு கைக்கு வந்தது. சரோஜம் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். சந்தோஷம்தான், ஆனாலும் தூக்கம் வரவில்லை.

அடுத்து வந்தது வகுப்புத் தேர்வு. இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை, பிள்ளைகளைச் சரியாக்கிவிடலாம் என்ற துணிச்சலோடு சரோஜம் கரும்பலகையில் எழுதினார்: 8 + 2 × 7.

எல்லாரும் குனிந்து எழுதினார்கள். நீது மட்டும் பேனாவை மூடி போட்டு வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"என்ன மக்கா, தெரியாதா?"

"தெரியும் டீச்சரே. பேப்பர் திருத்துதது ஆராக்கும்?"

"நானாக்கும். பின்னே ஆரு?"

நீதுவுக்கு நிம்மதியாயிற்று. உட்கார்ந்து, அழகான கையெழுத்தில், எழுபது என்று எழுதினாள்.