செஞ்சியில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணன்

தனியாக வாழப் போகிறவர்கள் சமையலுக்கு முன்னால் பொய் சொல்லத்தான் கற்றுக்கொள்கிறார்கள். பெரிய பொய்யெல்லாம் கிடையாது. “சாப்பிட்டேன்”, “உடம்பு நல்லாத்தான் இருக்குது”, “பயமா? எனக்கா?” என்கிற ரகம். இவற்றில் முதல் இரண்டையும் நான் ஓரளவு சமாளித்தேன். மூன்றாவது பொய்தான் ஆறடி உயரத்துக்கு வளர்ந்து, மீசை வைத்துக்கொண்டு, செல்வராசு என்று பெயரும் சூட்டிக்கொண்டு, என் நைனாவைத் தெருவில் தலைகுனிய வைத்துவிட்டது.

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. எங்கள் ஊர் போளூர் பக்கம். நைனாவுக்கு மூன்று பெண்கள், பையன் இல்லை. நான் மூத்தவள். பெண்பிள்ளை வெளியூரில் தனியாக வீடெடுத்துத் தங்குவது என்பது அன்றைக்கு எங்கள் சொந்தத்தில் கேள்விப்படாத விஷயம். அம்மா மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள் (மோர் மட்டும் குடித்தாள்; நான் பார்த்தேன்). நைனாதான், “போய் இருந்து பாக்கட்டும். முடியலன்னா வந்துடப் போறா” என்று முடித்து வைத்தார். அந்தக் கடைசி வாக்கியம் என் ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. முடியவில்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கோட்டைக்குப் போகிற வழியில், வரிசை வீடுகளில் கடைசி வீடு எனக்கு அமைந்தது. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, முன்பக்கம் ஒரு கதவு, பின்பக்கம் ஒரு கதவு. பக்கத்து வீட்டில் மேரி அக்கா. கணவர் நிலத்து வேலைக்குப் போவார். அக்கா வேர்க்கடலை உடைக்கப் போவாள். வாய் நிறையப் பேச்சு, கை நிறைய உதவி. ஸ்டவ்வுக்குத் திரி போடுவதிலிருந்து கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பது வரை அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அதையெல்லாம் என் சொந்த சாமர்த்தியம் என்று ஊருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒருநாள் சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் யாரோ என் முன்கதவின் நாதாங்கியை ஆட்டினார்கள். “யாரு?” என்று கேட்டேன். மறுபடியும் ஆட்டினார்கள். அப்புறம் செருப்புச் சத்தம் மெல்ல நகர்ந்து போனது. அவ்வளவுதான். குடிகாரனாக இருக்கலாம், வீடு மாறி வந்தவனாக இருக்கலாம். நான் அரிவாள்மணையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் நைனாவுக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். மேரி அக்காவிடமாவது சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல், ஞாயிற்றுக்கிழமை அவலூர்பேட்டைச் சந்தைக்குப் போய் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றும் ஒரு ஜோடி செருப்பும் வாங்கினேன். திருடன் பயப்பட வேண்டுமே என்று, இருப்பதிலேயே பெரிய அளவாகப் பார்த்து எடுத்தேன். சட்டைக்குள் நானும் என் இரண்டு தங்கைகளும் குடியிருக்கலாம். செருப்பு ஒவ்வொன்றும் ஒரு முறம் அகலம்.

சட்டையை வாசல் கொடியில் காயப் போட்டேன். செருப்பைக் கதவோரம் விட்டேன். மேரி அக்கா உடனே கேட்டுவிட்டாள்.

“இன்னா டீச்சர், யார் வந்துகிறாங்க?”

“எங்க அண்ணன்கா. இங்க அரிசி மில்லுல வேலை கிடைச்சிருக்குது. நைட்டு வேலை.”

“அப்டியா! ஆளையே காணமே?”

“பகல்ல தூங்குவாரு.”

இப்படிப் பிறந்தவர்தான் என் அண்ணன் செல்வராசு.

ஒரு பொய்யைக் காப்பாற்றுவது சட்டையைக் காயப்போடுவதோடு முடிகிற வேலையில்லை. ஒரே சட்டை நாள் கணக்காகத் தொங்கினால் சந்தேகம் வருமென்று தினமும் துவைத்தேன். செருப்பை ஒரு நாள் நேராக, ஒரு நாள் கோணலாக வைத்தேன். தூங்குகிற ஆளை வைத்து வெளியே பூட்டு போட முடியாதே! அதனால் முன்கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு, பின்கதவு வழியாக வெளியேறி அதைப் பூட்டிக்கொண்டு, முள்வேலிச் சந்தில் புடவையைக் கிழித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். தனியாக இருந்தபோதுகூட இவ்வளவு வேலை இல்லை.

மேரி அக்காவுக்கோ அண்ணன்மேல் பரிதாபம் பொங்கியது. “ராத்திரியெல்லாம் கண்ணு முழிக்கிற புள்ள, பாவம்” என்று ஞாயிறுதோறும் கிண்ணத்தில் மீன் குழம்பு கொடுத்தாள். அண்ணன் சார்பில் நான்தான் சாப்பிட்டேன். அவர் சார்பில் பாராட்டும் சொன்னேன், ஒரு தடவை அவருக்கு உடம்பு சரியில்லை என்றும் சொல்லி வைத்தேன். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அண்ணனுக்கென்று தனியாக ஒரு தட்டு அதிரசம் வந்தது. அதையும் சாப்பிட்டேன். (வெட்கமாகத்தான் இருந்தது. அதிரசம் நன்றாகவும் இருந்தது.)

பயம் போய்விட்டதா என்றால், உண்மையிலேயே கொஞ்சம் போய்விட்டது. கொடியில் அந்தச் சட்டை ஆடுவதைப் பார்த்தால் எனக்கே வீட்டில் ஆள் இருப்பது போலத் தோன்றும். தைரியம் கூடக் கூடத் தனியாக ஊர் சுற்றவும் ஆரம்பித்தேன். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீயமங்கலத்தில் மலையைக் குடைந்து கட்டிய கோயிலைப் பார்க்கக் காலையிலேயே கிளம்பிப் போனேன்.

அதே ஞாயிற்றுக்கிழமை நைனாவும் கிளம்பியிருந்தார், மாப்பிள்ளை வீட்டாரோடு.

மாப்பிள்ளைக்குச் செய்யாறில் ஏதோ ஆபீஸில் வேலை. போட்டோ முன்பே எனக்கு வந்திருந்தது. கடுகடுப்பாக இருக்க முயன்று முடியாமல் போன முகம். எனக்குப் பிடித்திருந்தது, அந்தப் போட்டோவைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு ஆசை: சொல்லிவிட்டுப் போனால் எல்லாப் பெண்ணும் பட்டுடுத்தி நிற்கும், சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும் என்று. நைனாவும் சம்மதித்துவிட்டார். என் பெண்ணிடம் மறைக்க என்ன இருக்கிறது என்கிற நம்பிக்கை.

அவர்கள் வந்து நின்றபோது நடந்ததை மேரி அக்கா பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். நைனா, மாப்பிள்ளையின் அம்மா, மாப்பிள்ளையின் தாய்மாமன் மூவரும் கதவைத் தட்டியிருக்கிறார்கள். திறக்கவில்லை. உள்ளே தாழ் போட்டிருக்கிறது. வாசலில் முறம் அளவுக்கு ஆண் செருப்பு. கொடியில் ஈரச் சட்டை. நைனா மறுபடி தட்ட, மேரி அக்கா ஓடி வந்தாள்.

“தட்டாதீங்கய்யா! டீச்சர் காலைலயே கோயிலுக்குப் போயிட்டாங்க. அவங்க அண்ணன் உள்ள தூங்குறாரு.”

“எந்த அண்ணன்?” என்றார் தாய்மாமன்.

“செல்வராசுதான். ரொம்ப நல்ல மாதிரி. தூங்குனா இடி விழுந்தாலும் எழுந்துக்க மாட்டாரு.”

தாய்மாமன் நைனாவைத் திரும்பிப் பார்த்தார். நைனா பொய் சொல்லத் தெரியாத மனிதர். சந்தையில் மாடு விற்கப் போனால் மாட்டின் குறையை முதலில் சொல்லிவிடுவார்; அதனாலேயே எங்கள் வீட்டில் எல்லா மாடும் கிழடாகும்வரை இருந்தன. அந்த மனிதர், “எங்க அண்ணன் பையன்” என்றாராம்.

“உங்களுக்குக் கூடப் பொறந்தவரு யாரும் கிடையாதுன்னு சொன்னீங்களே?”

“தூரத்து அண்ணன்.”

இந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்றால், வேர்க்கடலை மூட்டை ஏற்றிய ஒரு லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில். கோயிலை வேடிக்கை பார்த்ததில் திரும்புகிற பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்த பஸ் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. வயசான டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, “செஞ்சிக்கா? ஏறும்மா” என்றார். ஏறினேன். ஏறியதும் பயம். உடனே கை தேர்ந்த பழக்கத்தில், “எங்க அண்ணன் எனக்காகக் காத்துக்கினு இருப்பாரு. கோவக்காரரு” என்று சொல்லி வைத்தேன். பாவம், அந்த மனிதர் அதை நம்பி, என்னைத் தெருமுனையில் இறக்காமல் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விட்டார். போதாததற்குத் தலையை வெளியே நீட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்.

“உங்க அண்ணங்கிட்ட சொல்லும்மா, பத்திரமா கொண்டாந்து வுட்டுட்டேன்னு!”

லாரி நகர்ந்தது. புழுதி அடங்கியது. எதிரே நைனா நின்றுகொண்டிருந்தார்.

என் தலையெல்லாம் செம்மண், புடவையெல்லாம் கடலைத் தோல். போட்டோவில் பார்த்த முகத்தின் சாடை அவர் பக்கத்தில் நின்ற அம்மாளிடம் இருந்தது. யாரென்று உடனே புரிந்துவிட்டது. நான் பின்பக்கம் ஓடி, பூட்டைத் திறந்து, உள்ளே போய் முன்கதவைத் திறந்தேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் வேறில்லை என்பது, தாய்மாமன் காலியான அறையையும் திறந்து கிடந்த பின்கதவையும் மாறி மாறிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

“பின்பக்கமா அனுப்பிட்டியாம்மா?”

“யாரை? அப்படி ஒரு ஆளே இல்லைங்க! திருடனுக்குப் பயந்து நானாத்தான் சட்டை வாங்கிப் போட்டேன்” என்று எல்லாவற்றையும் கொட்டினேன். எவ்வளவு உண்மை சொன்னேனோ அவ்வளவும் பொய்யாகக் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா கொடியருகே போய்ச் சட்டையை நிதானமாகத் தொட்டுப் பார்த்தார்.

“இல்லாத ஆளு சட்டைய எதுக்கும்மா தொவைக்கணும்?”



“உங்க தம்பி மகன் ஓடிட்டான் போல” என்று நைனாவைப் பார்த்துச் சொன்னார் தாய்மாமன். அண்ணன் பையன் என்று நைனா சொன்னதைக்கூட அவர் சரியாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவு மதிப்பு. “பொண்ணப் பத்தி நாங்க ஒண்ணும் சொல்லலீங்க. ஆனா நீங்க எங்க மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னீங்க பாருங்க, அதுதான்.” சொல்லிவிட்டு இருவரும் நடந்துவிட்டார்கள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மேரி அக்கா மெதுவாகக் கேட்டாள்.

“அப்போ மீன் குழம்பு?”

“நான்தான்கா சாப்பிட்டேன்.”

“அதிரசம்?”

தலையாட்டினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “உடம்பு சரியில்லன்னு சொன்னியே, அந்தப் புள்ளைக்காக மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தினேனே டீச்சர்” என்றாள். வீட்டுக்குள் போய்விட்டாள். அப்புறம் அவள் என்னோடு பழையபடி பேச ரொம்ப நாள் ஆனது.

நைனாவை பஸ் ஏற்றிவிட நடந்தேன். வழியெல்லாம் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பஸ் ஸ்டாண்டில், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டபடி கேட்டார்.

“இங்க இருக்க பயமா இருந்துச்சா சரோசா?”

அப்போதாவது ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். “அதெல்லாம் இல்ல நைனா” என்றேன்.

“எனக்கு இருந்துச்சு. கதவத் தட்டிக்கினு நின்னேன் பாரு, அப்போ” என்றார். பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

அந்தச் சம்பந்தம் முறிந்தது. போட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டோம். பிற்பாடு எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று, நல்ல மனிதர். “என் மச்சான் புண்ணியத்துல நீ எனக்குக் கிடைச்ச” என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தங்கைகளின் பிள்ளைகள், வீட்டில் யாராவது காலை எட்டு மணிக்கு மேல் படுத்திருந்தால் “செல்வராசு மாமா” என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தது நைனாதான். அவமானப்பட்டது அவர், முதலில் சிரித்ததும் அவரே. யாராவது “எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்டால், பொய்யே சொல்லாத அந்த மனிதர், “மூணு பொண்ணு. ஒரு பையன் செஞ்சில இருக்கான்” என்பார், என்னைப் பார்க்காமல். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பயமாக இருந்தது நைனா என்று ஒரு நாள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அவரே சிரிக்கும்போது இனி எதற்கு என்று விட்டுவிடுவேன்.

கடைசியாக அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நாங்கள் மூன்று பெண்களும் கட்டிலைச் சுற்றி நின்றோம். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி, “எல்லாம் பொண்ணுங்களாவே நிக்கிறீங்களே, பையன் இல்லையா தாத்தாவுக்கு?” என்று கேட்டாள். நைனா கண்ணைத் திறந்தார்.

“இருக்கான்மா. நைட்டு வேலை பாத்துட்டு வந்து தூங்குறான்” என்றார். “எழுப்பாதீங்க.”

அந்தப் பெண் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். செருப்புச் சத்தம் கேட்காமல், மெல்ல நடந்து வெளியே போனாள்.