மாடியில் குடியிருந்தவர்

வரி நோட்டீஸைப் படித்து முடித்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். நிற்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை. ஆனால் ஒரு மனிதன் போர் அறிவிக்கும்போது உட்கார்ந்திருந்தால் பார்க்க நன்றாக இருக்காது.

"அகஸ்டினா! நான் மேல்முறையீடு செய்யப் போறேன்!"

"செய்யுங்க. அதுக்கு முன்னாடி வாசல்ல சிலிண்டர் வந்திருக்கு, உள்ள தள்ளுங்க."

தள்ளினேன். பிறகு போரைத் தொடர்ந்தேன்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீடு சின்னது. கீழே கூடம், இரண்டு அறை, சமையலறை. மேலே ஒரே ஓர் அறை. அந்த ஓர் அறையைத்தான் நோட்டீஸ், 'தனிச் சமையலறையுடன் வாடகைக்கு விடப்பட்ட குடியிருப்பு' என்றது. அதனால் வீட்டு வரி ஒரே தாவலில் இரண்டு மடங்கு. ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் மனு கொடுக்க வேண்டும். அன்று புதன்.

"மாடியில யாருமே குடியில்லையே! எந்தப் புண்ணியவான் இப்படிச் சொன்னான்?"

"அதானே," என்றாள் அகஸ்டினா, கீரை ஆய்ந்துகொண்டே.

"சும்மா விடமாட்டேன். அதிகாரியையே வீட்டுக்கு வரவழைச்சுக் காட்டறேன்!"

"காட்டுங்க. எல்லாத்தையும் காட்டுங்க."

அந்த 'எல்லாத்தையும்' என் விலாவில் குத்தியது. ஏனென்றால், மாடியறையில் நிஜமாகவே ஒரு சமையலறை இருந்தது.

விளக்கிவிடுகிறேன். நாங்கள் கத்தோலிக்கர்கள். ஈஸ்டருக்கு முன்னால் எங்களுக்கு நாற்பது நாள் தவக்காலம்; நோட்டீஸ் வந்ததும் அதன் நடுவில்தான். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி வேண்டாம் என்று திருச்சபை சொல்கிறது. மீனைப் பற்றி அதற்குப் புகார் கிடையாது. அகஸ்டினாவுக்கு உண்டு. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று அவள் மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தால், அது ஈஸ்டருக்குத்தான் நிமிரும். நடுவில் கீரை, பூசணி, கீரை, புடலை, மறுபடியும் கீரை. கண்டிப்பில் அவள் பேராயரையும் மிஞ்சியவள்.

ஆகவே நான் பக்தியில் இறங்கினேன். இறங்கினேன் என்பதைவிட ஏறினேன் என்பது சரி. தவக்காலத்தில் சாயங்காலம் ஆனால் ஜெபப் புத்தகமும் கையுமாக மாடிக்குப் போய்விடுவேன். 'ஜெபத்தில் இருக்கும்போது எதற்கும் கூப்பிடாதே' என்று அகஸ்டினாவுக்கு உத்தரவு. மேலே கட்டிலுக்கு அடியில் ஒரு கரண்ட் அடுப்பு, ஒரு தோசைக்கல், மிளகாய்த்தூள் டப்பா. பக்கத்து வீட்டு ராஜவேல் வேலைக்குப் போவது கடலோர மீனவர் ஊரான கனகசெட்டிக்குளத்துக்கு. அவர்கள் வீட்டில் தவக்காலம் கிடையாது. அவன் வாங்கி வரும் மீனில் என் பங்கு மொட்டைமாடிச் சுவர் வழியாக வந்து சேரும். வாசனை கீழே இறங்கினால், "ராஜவேல் வீட்டுல பொரிக்கறாங்க போல" என்பேன். அகஸ்டினா தலையை ஆட்டுவாள்.

வியாழக்கிழமை மனு கொடுத்தேன். அதிகாரி கமலக்கண்ணன் தன்மையானவர்.

"நாளைக்குக் காலையில நானே வந்து பாக்கறேன், மிக்கேல் சார். சமையலறை இல்லைன்னா வரியைக் குறைச்சுடலாம்."

இவ்வளவு சீக்கிரம் ஓர் அதிகாரி வருவார் என்று யார் எதிர்பார்த்தது? அன்று சாயங்காலம் என் கால்கள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஏறினேன். இறங்கினேன். மறந்ததை எடுக்க மறுபடி ஏறினேன்.

"இன்னாங்க, மேலயும் கீழயுமா அலையறீங்க?"

"ஜெபம்."

"ஏறும்போதா, இறங்கும்போதா?"

மறுபடி ஏறிவிட்டேன். மொட்டைமாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ராஜவேல் காத்திருந்தான்.

"ராஜவேலு, இந்த அடுப்பைப் பிடி. உன் வீட்டுலயே இருக்கட்டும்."

"ஐயோ! அண்ணே, இது சுடுதே!"

"கடைசியா ரெண்டு துண்டு வஞ்சிரம் இருந்துச்சுப்பா. வீணாக்கலாமா?"

வெள்ளிக்கிழமை காலை கமலக்கண்ணன் வந்தார். அகஸ்டினா மோர் கொடுத்தாள். மூவரும் மாடி ஏறினோம். அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஜெபப் புத்தகம். சுவரில் எண்ணெய் தெறித்த இடத்தை மாதா காலண்டர் மறைத்திருந்தது. துறவி தங்கும் அறை போலவே இருந்தது. என் கண்ணே பட்டுவிடும்.

அப்போது ராஜவேல் வீட்டுப் பூனை உள்ளே வந்தது. நேராகக் கட்டிலுக்கு அடியில் போய், அடுப்பு இருந்த இடத்தை முகர்ந்தது. பிறகு என் எதிரில் உட்கார்ந்து, தாமதத்துக்குக் காரணம் கேட்பதுபோலக் கத்தியது.

அதிகாரி பூனையைப் பார்த்தார். காலண்டரைத் தூக்கிப் பார்த்தார்.

"சார், போன வருஷம் எங்க ஆளுங்க கணக்கெடுக்க வந்தப்ப, மாடியில ஒருத்தர் குடியிருக்காரு, மீன் வறுக்கறாருன்னு இந்த வீட்டுலயே சொல்லியிருக்காங்களே?"

"எவன் சொன்னது?"

"நான்தாங்க," என்றாள் அகஸ்டினா.

"நீயா! மாடியில ஏதுடி குடித்தனம்?"

"எனக்கென்னாங்க தெரியும்? மாடியில மீன் வாசனை வருதே, யாரு சமைக்கறாங்கன்னு கேட்டாங்க. நீங்க மேல ஜெபத்துல இருந்தீங்க. ஜெபம் பண்றவரு மீன் வறுப்பாரா? அப்போ வறுக்கறது வேற ஆளு. யாரோ குடியிருக்காங்கன்னு சொன்னேன்."

"என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே!"

"ஜெபத்துல இருக்கறப்ப எதுக்கும் கூப்பிடாதேன்னு சொன்னது யாருங்க?"

கமலக்கண்ணன் பேனா மூடியைக் கழற்றினார்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க சார். வறுத்தது குடியிருக்கறவருன்னா வரி இப்படியே இருக்கும். நீங்கதான்னா, குறைச்சுடறேன்."

ஒரு பக்கம் ஆயுள் முழுக்க இரட்டை வரி. இன்னொரு பக்கம் அகஸ்டினா. அவள் முகத்தில் கோபமே இல்லை. பிரசங்கம் கேட்க வந்தவள் மாதிரி கை கட்டி நின்றாள்.

"நான்தான் சார்," என்றேன்.

"சத்தமா சொல்லுங்க, சாருக்குக் கேக்கல."

"நான்தான் சார் மீன் வறுத்தேன்!"

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ அவசரமாக இருமினார்கள்.

அதிகாரி எழுதிக்கொண்டார். "முடிஞ்சுது சார். இனிமே இங்க அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. அப்பப்ப வந்து பார்ப்போம்."

"ஒவ்வொரு தவக்காலத்துலயும் வாங்க சார்," என்றாள் அகஸ்டினா. "சாயங்காலமா வந்தா நல்லது."

வரி குறைந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் கீரை.

"பாத்தியா, ஜெயிச்சுட்டேன்," என்றேன், கீரையைப் பார்த்து.

அகஸ்டினா இன்னொரு கரண்டி போட்டாள். "சந்தோஷங்க. இனிமே நிம்மதியா ஜெபம் பண்ணுங்க. மாடியில குடியிருந்தவருதான் காலி பண்ணிட்டாரே."