கன்றை அவிழ்த்துவிட்ட புண்ணியம்

உதவி கேட்டு வருகிறவர்களால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் எதுவும் வந்ததில்லை. கேட்காமலே உதவக் கிளம்புகிறவர்களால்தான் எல்லா வம்பும். பதினேழு வயதில் நான் அந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றேன். என் பெயர் ஞானம்மாள். (சிரிக்காதீர்கள், பெயர் வைத்தவர்களுக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்?)

குடுமியான்மலைக்குப் போகிற சாலையில் எங்கள் ஊர். அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்கள், அதாவது ஆகமன காலம் முழுக்க, எங்கள் வீடு பாதி மடமாகிவிடும். கறி கிடையாது, பலகாரம் கிடையாது. ஒறுத்தல் என்று சொல்லி அப்பா பால் வாங்குவதையும் நிறுத்திவிடுவார். அம்மா சுக்கையும் கருப்பட்டியையும் போட்டுக் கறுப்பாக எதையோ காய்ச்சித் தருவாள். (அதைக் காபி என்று சொன்னால் பாவசங்கீர்த்தனத்தில் பொய்க் கணக்கில் சேர்க்கவேண்டியிருக்கும்.)

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வைக்கோல்தான் என் உயிரை வாங்கியது. அன்றைக்கு ஒரு நற்செயல் செய்தவர், இரவு செபமாலை முடிந்ததும் கிறிஸ்துமஸ் குடிலில் உள்ள சின்னத் தீவனத் தொட்டியில் ஒரு வைக்கோல் வைக்கலாம். குழந்தை யேசு பிறந்ததும் படுக்க அதுதான் மெத்தை. செய்த நற்செயல் என்னவென்று யாருக்கும் தெரியக்கூடாது; தெரிந்தால் புண்ணியம் போச்சு. லூர்து அண்ணன் நாள் தவறாமல் வைக்கோலோடு வந்து முழங்கால் போடுவான். நான் வெறுங்கையோடு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஊரில் நற்செயலுக்கு அத்தனை தட்டுப்பாடு. குடம் சுமந்து வருகிற பெண்களிடமிருந்து நாங்கள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு குடத்தைப் பிடுங்கியதில், பாவம், அவர்கள் சுற்றுவழியில் போக ஆரம்பித்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுக் கருப்பையா மாமாவின் மகள் சிவகாமி என் தோழி. அவளை ஒரு நாள் மாலை பொன்னமராவதியிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. கார்த்திகை முடியப்போகிறது, மார்கழி பிறந்துவிட்டால் அவர்கள் வீட்டில் கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டார்கள். "எங்க அம்மனுக்கு நான் வேண்டிக்கிட்டேன். ஒங்க மாதாகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லிவையிடி" என்று அன்று காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சொல்லிவைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

மத்தியானம் அவர்கள் கொட்டிலில் கன்றுக்குட்டி கத்த ஆரம்பித்தது. எட்டிப் பார்த்தேன். பசு ஒரு முளையில், கன்று தூரத்தில் இன்னொரு முளையில். தாயையும் பிள்ளையையும் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை. சுற்றிலும் யாரும் இல்லை. இரகசியத்துக்கு இரகசியமும் ஆயிற்று. முடிச்சை அவிழ்த்துவிட்டேன்.

கிராமத்தில் வளர்ந்தவளுக்குக் கன்றை எதற்குக் கட்டிப்போடுகிறார்கள் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். புண்ணியம் கண்ணை மறைத்துவிட்டது. வருகிற வழியில் அவர்கள் வைக்கோல் படப்பிலிருந்து நீளமாக ஒன்றை உருவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மாலையில் கொட்டுகிற மழையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் தாய்மாமாவும் நனைந்து வந்து சேர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கொட்டிலிலிருந்து சிவகாமியின் அம்மா, எங்களுக்கு அத்தை, போட்ட சத்தம் எங்கள் அடுப்படி வரை கேட்டது.

"எந்தக் கட்டையில போறவ கன்னை அவுத்துவிட்டது? மடியில சொட்டுப் பால் இல்லையே!"

அத்தை மழையோடு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். "வாத்தியார் வீட்டம்மா, காபிக்கு ஒரு ஒழக்குப் பால் இருக்குமா? ஊர்ப் பாலெல்லாம் அன்னவாசல் சொசைட்டிக்குப் போயிருச்சு."

"அய்யய்யோ, கிறிஸ்மஸ் வரைக்கும் நாங்க பாலே வாங்குறதில்லையேங்க" என்றாள் அம்மா. பிறகு யோசித்துவிட்டு, எங்கள் கறுப்புக் காபியை ஒரு தூக்கில் ஊற்றிக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு அப்பா, அண்ணன், நான் எல்லோரும் போனோம்.

மாப்பிள்ளையின் அம்மா டம்ளருக்குள் பார்த்தார். "மாடு இருக்குன்னு சொன்னாங்க. விருந்தாளிக்கு ஒரு வாய் பால் இல்லாத வீட்டுலயா பொண்ணெடுக்குறது?" என்று பக்கத்திலிருந்த தன் தம்பியிடம் சொன்னார், எல்லோருக்கும் கேட்கும்படியாக. கதவோரம் நின்ற சிவகாமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பால் இருந்துச்சுங்க. நாந்தான் கன்னை அவுத்துவிட்டேன்" என்றேன்.

அப்பா திரும்பினார். "யாரு அவுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலப்பா. கன்னுக்குட்டி கூப்பிட்டுச்சு."

"ஓகோ, மடியில சொருகி வச்சிருந்த வைக்கோல் இதுக்குத்தானா!" என்றான் அண்ணன். அது என்ன வைக்கோல் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்க, அந்தப் படுபாவி ஆகமன காலம், குடில், மெத்தை என்று ஒன்று விடாமல் விளக்கினான். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆமா, அந்த வைக்கோல் யாரு வீட்டுது?"

"கருப்பையா மாமா வீட்டுப் படப்புங்க."

"பாலையும் காலி பண்ணி, தீனியையும் உருவிக்கிட்டியா? ஒங்க சாமிக்கு மெத்தை சரி. இவுக மாடு என்னத்தா பாவம் பண்ணுச்சு?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அதுவரை வாயைத் திறக்காத மாப்பிள்ளை அடுத்தடுத்துத் தும்மினார். கையிலிருந்த டம்ளரைக் காலி செய்துவிட்டு, "இன்னொரு டம்ளர் கெடைக்குங்களா? தொண்டைக்கு எதமா இருக்கு" என்றார். முதலில் குலுங்கியது சிவகாமியின் முந்தானைதான். அப்புறம் மாப்பிள்ளையின் அம்மாவும் சிரித்துவிட்டார்.

தையில் கல்யாணம் நடந்தது. எனக்கு மட்டும் மன்னிப்புக் கிடைக்கவில்லை. அந்த வைக்கோலைக் கொண்டுபோய்ப் படப்பிலேயே திரும்பச் செருகச் சொன்னார் அப்பா. அண்ணன் முன்னிலையில் செருகினேன். யாருக்கு உதவுகிறோமோ அவரிடம் கேட்டுவிட்டுத்தான் உதவவேண்டும் என்று அடுத்த வருடத்திலிருந்து சட்டமும் வந்தது.

இன்றைக்கும் நான் யார் விஷயத்திலாவது தலையிட்டால், "யாரும்மா கூப்பிட்டா? கன்னுக்குட்டியா?" என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பல வருடங்கள் கழித்துத் தன் மகளைப் பெண் பார்க்க வந்தபோது சிவகாமி எனக்கு ஆள் அனுப்பினாள்.

"ஞானம் கட்டாயம் வரணும்னு சொல்லு. பால் கறந்ததுக்கு அப்புறமா வரச் சொல்லு."