கம்ப்யூட்டருக்குத் தெரியும்

தம் மோட்டார் சைக்கிள் களவு போய்விட்டதென்று சார்ஜெண்ட் லாசரஸ் ஸ்டேஷனின் புதுக் கம்ப்யூட்டரில் தம் கையாலேயே ஏற்றிவிட்டு, நிம்மதியாக டீ குடிக்க டன்லப் ஸ்திரீட்டுக்குப் போனார். வண்டி அங்கே நின்றது.

"நேத்து சாயங்காலத்திலேருந்து நிக்குதுங்க சார்," என்றார் டீக்கடை முகைதீன். "கம்ப்யூட்டர் பெருமைய எடுத்துச் சொல்லிக்கிட்டே நடந்து போயிட்டீங்க."

"கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"கூப்பிட்டேனே! 'இனிமே எவனும் திருட முடியாது'ன்னு கைய ஆட்டிட்டு பஸ் ஏறிட்டீங்க."

1985-இல் அந்தக் கம்ப்யூட்டரை லாசரஸ் அளவுக்கு மதித்தவர் சிங்கப்பூரில் எவருமில்லை. அது இருந்த ஏர்கான் அறைக்குள் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார். வண்டி எண்ணைத் தட்டினால் போதும், ஈசூனிலிருந்து ஜூரோங் வரை அத்தனை ரோந்துக் காருக்கும் தெரிந்துவிடும் என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச்சின் பங்கு மண்டபத்தில் இதைப் பற்றிப் பேசவும் ஒப்புக்கொண்டிருந்தார்.

ஏற்றிய எண்ணை நீக்கலாம். ஆனால் காரணம் கேட்கும். 'மறதி' என்று தட்ட அவருக்கு விரல் வராது.

"திருட்டுன்னு கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். ஓசைப்படாம வீட்டுல விட்டுட்டு வந்துடறேன். திருடனே பயந்துபோய்க் கொண்டாந்து போட்டுட்டான்னு சொல்லிக்கலாம்."

"ஒங்க கம்ப்யூட்டர் புடிச்சிடாதா சார்?"

லாசரஸுக்கு வியர்த்தது. பிடித்தால் தம் மானம் போகும். பிடிக்காவிட்டால் கம்ப்யூட்டரின் மானம் போகும்.

பின்சந்து வழியாக வண்டியைத் தள்ளினார்.

"ஏன் சார், திருடன் மாதிரி தள்ளிக்கிட்டுப் போறீங்க?" என்று பூக்கார அன்னம்மா உரக்கக் கேட்டாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பதறி ஏறி, உதைத்துக் கிளப்பினார்.

சாலைக்கு வந்ததும் பின்னால் ஒரு ரோந்துக் கார். மெதுவாகப் போனார்; அதுவும் மெதுவாக வந்தது. சந்துக்குள் திரும்பினார்; அதுவும் திரும்பியது. பிறகு சைரன்.

அவர் ஸ்டேஷனைச் சேர்ந்த இளம் கான்ஸ்டபிள் இப்ராஹீம் இறங்கி வந்தான். அவன் வாய் திறக்குமுன் லாசரஸ் இரு கைகளையும் நீட்டினார். முகமெல்லாம் பெருமை.

"ஒண்ணும் சொல்லாதே தம்பி! நான்தான் மறந்தேன், நான்தான் திருட்டுன்னு ஏத்துனேன். எல்லாத்தையும் எழுதிக்கோ. ஆனா பாத்தியா? சார்ஜெண்டுன்னுகூடப் பாக்கல, என்னையே புடிச்சிருச்சு!"

"எது சார் புடிச்சிச்சு?"

"கம்ப்யூட்டர்தான் லா, வேற எது!"

இப்ராஹீம் தலையைச் சொறிந்தான்.

"அதுவா? நீங்க எதையோ தட்டிட்டுப் போனதிலேருந்து படுத்துக் கெடக்கு சார். சைடு ஸ்டாண்ட எடுக்காம ஓட்டுறீங்கன்னு சொல்லத்தான் நான் நிறுத்துனேன்."