ராஜா வீட்டு ஸ்டூல்

கூச்சப்படுகிறவனைச் சாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தப்பு. அவனுக்கு வாய் வேலை செய்யாது, அவ்வளவுதான். வாயின் வேலையையும் சேர்த்துக் கை செய்யும். நாலு பேர் இருக்கும் வீட்டுக்குப் போனால் நான் பேச மாட்டேன். வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்ப்பேன். கோணலாகத் தொங்கும் காலண்டரை நேராக்குவேன்.

அன்னவாசலில் பந்தல், பாத்திரம், சேர் வாடகைக்கு விடுகிறேன். படிப்பு பத்தாவதோடு சரி. இந்தத் தொழில் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. கல்யாண வீட்டில் எல்லோரும் பொண்ணைப் பார்ப்பார்கள், மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள், பாயசத்தைப் பார்ப்பார்கள். சேர் போட்டவனை யாரும் பார்க்க மாட்டார்கள். (சேர் உடைந்தால் மட்டும் தேடிக் கண்டுபிடித்துப் பார்ப்பார்கள்.) பொன்னமராவதியில் ஒரு கல்யாணத்தில், கால் விரிசல் விட்ட சேரில் மாப்பிள்ளையின் தாய்மாமன் உட்கார்ந்து, மாலையும் கழுத்துமாகத் தரைக்குப் போனார். அன்றிலிருந்து எங்கள் கடையில் ஒரு சட்டம். சாய்ந்து கிடக்கும் சேரைக் கண்டால் நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தினால் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இந்தச் சட்டத்தை நான் ஆப்பிரிக்கா வரை கொண்டுபோனேன்.

என் மகள் கவிதா கானா நாட்டில் குமாசி என்ற ஊரில் இருக்கிறாள். மாப்பிள்ளை பிரபு அங்கே மரம் அறுக்கும் மில்லில் சூப்பர்வைசர். அவளுடைய பிரசவத்துக்காக நானும் என் மனைவி மல்லிகாவும் போயிருந்தோம். (பிரசவத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். மல்லிகாவின் பெட்டியைத் தூக்குவதுதான்.) பேரன் பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் வேலை ஒப்பந்தம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. மேனேஜர் கையெழுத்துப் போட்டால் மேலும் மூன்று வருடம். போடாவிட்டால் கைக்குழந்தையோடு ஊர் திரும்பி, ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

மேனேஜர் பெயர் குவாமே. அசாந்தி இனத்தவர், நல்ல உயரம், மெதுவான பேச்சு. குழந்தையைப் பார்க்க வந்த அவரிடம் மல்லிகா சும்மா இருக்காமல், "எங்க ஊரும் ராஜா ஊருதாங்க, புதுக்கோட்டை சமஸ்தானம்" என்று மாப்பிள்ளையை மொழிபெயர்க்க வைத்தாள். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் எங்கள் ராஜாவின் வீட்டை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும் என்றார். அசாந்தி அரசர்கள் இருந்த பழைய அரண்மனை இப்போது மியூசியம். அதைப் பார்த்துவிட்டு அவர் வீட்டில் மதியச் சாப்பாடு என்று முடிவானது.

குழந்தையோடு வீட்டில் தங்கிய கவிதா, நாங்கள் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, அங்க போயி எதையும் எடுத்து வச்சுக்கிட்டு இருக்காதீங்க."

"நான் என்னத்தா பண்ணப் போறேன்?"

"ஆஸ்பத்திரியில நர்ஸம்மா ட்ரேயை அடுக்கி வச்சது யாரு?"

கையைக் கட்டிக்கொண்டு காரில் ஏறினேன்.

மியூசியத்தில் ஒரு அம்மா எங்களை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக விளக்கினார். முன்னால் அவர், பக்கத்தில் மேனேஜர், அப்புறம் மல்லிகா, மாப்பிள்ளை. நான் வழக்கம்போல எல்லோருக்கும் பின்னால். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். (அந்தச் சட்டம் போட்ட புண்ணியவான் நல்லா இருக்கட்டும்.) ஒரு ஸ்டூலைப் பற்றி அந்த அம்மா வெகு நேரம் ஆங்கிலத்தில் பேசினார். மாப்பிள்ளை திரும்பி, "சிம்மாசனம் மாமா" என்று ஒரே வார்த்தையில் எனக்கு மொழிபெயர்த்தார். தலையாட்டினேன்.

அடுத்த அறையில் பழைய ராஜாக்களும் ராணிகளும் ஆள் உயரப் பொம்மைகளாக இருந்தார்கள். உயிர் இருப்பதுபோல அப்படி ஒரு வேலைப்பாடு. எல்லோரும் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். நான் மட்டும் நின்றேன். பொம்மைகளுக்குப் பக்கத்தில், ஒரு மேடையில், ஒரு மர ஸ்டூல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. யாரோ துடைக்கும்போது தட்டிவிட்டிருக்கிறார்கள். மேலதிகாரி பார்த்தால் அந்த ஆளுக்குத்தான் திட்டு விழும். குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு இருந்தது. பந்தல்காரனுக்குக் கயிறு ஒரு தடையா? கட்டுகிறவர்களே நாங்கள்தானே. தாண்டினேன். ஸ்டூலை நிமிர்த்தினேன். தோள் துண்டால் ஒரு தட்டுத் தட்டினேன்.

நிமிர்த்திவிட்டேன். ஆகவே உட்கார்ந்தேன்.

ஆட்டம் இல்லை, நல்ல மரம். எழுந்திருக்கப் போனபோதுதான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் டீச்சரோடு உள்ளே வந்தது. கூச்சக்காரனுக்குப் பார்வை பட்டால் கால் வராது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, முழங்கால்மேல் இரண்டு கை. அப்படியே உறைந்துவிட்டேன். ஒரு பிள்ளை என்னைக் காட்டி ஏதோ கேட்டது. நான் எந்த ராஜா என்று டீச்சர் பக்கத்துப் பலகையைப் படித்துத் தேடினார். என் நெற்றியிலிருந்து வியர்வை ஒரு சொட்டு இறங்கியது. அந்தப் பிள்ளை வீறிட்டது.

சத்தம் கேட்டு எங்கள் ஆட்கள் ஓடி வந்தார்கள். விளக்குகிற அம்மா வாயில் கைவைத்தார். மேனேஜர் நின்ற இடத்தில் நின்றார்.

"மாமா..." என்றார் மாப்பிள்ளை. மூன்று வருட வேலையும் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

எழுந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்தேன். அந்த அம்மா கோபப்படவில்லை. முன்பு சொன்னதையே நிதானமாகத் திருப்பிச் சொன்னார். இந்தத் தடவை மாப்பிள்ளை முழுசாக மொழிபெயர்த்தார். இவர்கள் வழக்கத்தில் ஒருவருடைய ஸ்டூலில் அவருடைய உயிரே தங்கியிருக்கும். அவர் எழுந்ததும் சாய்த்து வைத்துவிடுவார்கள். காலியாக நிமிர்ந்து இருந்தால் அலைகிற ஆவி ஏதாவது வந்து உட்கார்ந்துவிடும்.

"வந்து உக்காந்துருச்சே" என்றாள் மல்லிகா, என்னைப் பார்த்து. பிறகு சட்டென்று, "அட, வெறுந்தொட்டிலை ஆட்டக் கூடாதும்போம்ல, அதே மாதிரிதானே? அவருட்ட சொல்லுங்க மாப்பிள்ளை" என்றாள். மாப்பிள்ளை தயங்க, அவளே காலித் தொட்டிலை ஆட்டுவதுபோலக் கையால் நடித்து, ஆட்டுகிற கையைத் தானே ஓர் அடியும் அடித்துக் காட்டினாள்.

மேனேஜர் முகத்தில் ஏதோ இளகியது. ஆனால் அவர் என்னிடம்தான் கேட்டார். நிமிர்த்தியது சரி, ஏன் உட்கார்ந்தீர்கள்?

அந்தப் பயணத்திலேயே நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். "நிமித்துனா உக்காந்து பாக்கணுங்க. அடுத்து உக்கார்றவங்க விழுந்துறக் கூடாதுல்ல."

மாப்பிள்ளை சொல்லி முடித்தார். மேனேஜர் விளக்குகிற அம்மாவிடம் ஏதோ பேசினார். அந்த அம்மா கயிற்றை அவிழ்த்து, ஸ்டூலைப் பழையபடி வைக்க என்னையே அழைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் மெதுவாகச் சாய்த்து வைத்தேன். முப்பது வருடத் தொழிலில் நான் சாய்த்து வைத்த முதல் இருக்கை.

மேனேஜர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி எட்டு நாற்காலிகள். நான் நின்றே சாப்பிட்டேன்.

"உக்காருங்க மாமா."

"இருக்கட்டும் மாப்பிள்ளை."

எந்த நாற்காலியில் யாருடைய உயிர் இருக்கிறதோ, யார் கண்டது? மேனேஜர் இரண்டு முறை கைகாட்டிச் சொல்லியும் நான் அசையவில்லை. தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள், "அப்பா எதையும் எடுத்து வைக்கலையே?"

"எடுத்து வச்சதோட விட்டாப் பரவாயில்லையே" என்றாள் மல்லிகா. "மூணு வருச வேலைய ஒரே உக்கார்ல முடிச்சுட்டாரு ஒங்கப்பா."

கவிதா சிரிக்கவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அதற்குப் பிறகு பத்து நாள் அந்த வீட்டில் நான் பொருள் எதையும் தொடவில்லை. கோணலாக இருந்த காலண்டர் கோணலாகவே இருந்தது. (அந்தப் பத்து நாளை நான் கடந்தது எப்படி என்று எனக்குத்தான் தெரியும்.)

பதினொன்றாம் நாள் மாப்பிள்ளை ஒரு கவரோடு வந்தார். கையெழுத்து ஆகியிருந்தது.

"மேனேஜர் ஒண்ணு சொல்லச் சொன்னாரு மாமா."

"என்னங்க மாப்பிள்ளை?"

"இனிமே ஒங்க மாமாவை உக்காரச் சொல்லுங்கன்னாரு."

அன்றைக்குத்தான் கவிதா சிரித்தாள். சிரித்ததோடு நிற்காமல் போனை எடுத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டாள். இப்போது குளத்தூரில் காதுகுத்து என்றாலும் சரி, பொன்னமராவதியில் வளைகாப்பு என்றாலும் சரி, என்னைக் கண்டதும் யாராவது ஒரு சேரை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மாமா, ராஜா இப்பதான் எந்திரிச்சுப் போனாரு" என்பார்கள். நான் சிரித்துவிட்டுச் செருப்புகளை ஜோடி சேர்க்கப் போய்விடுவேன்.

ஆனால் கடையைப் பூட்டும் முன் நான் உட்காரும் ஸ்டூலை மட்டும் சாய்த்து வைத்துவிட்டு வருகிறேன். "ஒங்க ஸ்டூல்ல எந்த ராஜாவோட உசிரு இருக்காம்?" என்று மல்லிகா கேட்டுவிட்டாள். நான் காலண்டரை நேராக்கப் போய்விட்டேன்.

காலையில் எனக்கு முன்னால் கடையைத் திறப்பவர் செல்வராசு. என்னோடு இருபது வருடமாக வேலை பார்க்கிறவர், என்னைவிடக் கூச்சக்காரர். தினமும் அந்த ஸ்டூலைப் பார்க்கிறார். நிமிர்த்துகிறார். நிமிர்த்தியதும் ஒருமுறை உட்கார்ந்தும் பார்க்கிறார்.

என்னவென்று சொல்வது? நான் போட்ட சட்டம்.