தட்டண்ணையும் துவக்குக் கண்ணாடியும்

தட்டிப் பார்க்காமல் எதையும் வாங்காத மனிதர் இந்தப் பூமியில் ஒரேயொருவர்தான் இருந்தார். அவர் எங்கள் தட்டண்ணை. தொண்ணூறுகளில் நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில் அவர் தட்டாத தேங்காய் கிடையாது, வத்தகப்பழம் கிடையாது. பழைய கார் வாங்கப் போனபோதும் நாலு கதவையும் விரல்மொளியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். அஜின்கோர்ட்டில் ஒரே பேஸ்மென்றில் அவரோடு குடியிருந்த எனக்கே அவருடைய சொந்தப் பெயர் மறந்துவிட்டது.

இருவருக்கும் ஒரே இரும்புத் தொழிற்சாலையில் வேலை. அண்ணைக்குச் செக்கிங். வார்த்து வரும் துண்டுகளைத் தட்டி, சத்தத்திலேயே வெடிப்பைக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் எங்கள் வெள்ளைக்கார ஃபோர்மனுக்கு அவர்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. ஃபோர்மன் வருடாவருடம் மேற்கே றொக்கி மலைக்கு மலையாடு வேட்டைக்குப் போகிறவர். முந்திய வருடம் பாறையில் வழுக்கி விழுந்ததில் துவக்கின்மேல் குறிபார்க்கப் பூட்டியிருந்த ஸ்கோப் கண்ணாடிக்குள் ஈரம் ஏறி, ஆடும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லையாம். பாரமில்லாத, விழுந்தாலும் உடையாத ஒன்றை நீயே தெரிந்தெடு, இந்த முறை நீயும் வா என்று அண்ணையிடம் சொன்னார்.

அவருடைய இங்கிலீஷில் பாதிதான் அண்ணைக்கு விளங்கும். விளங்காத பாதிக்கும் சேர்த்து "யெஸ், யெஸ்" என்றுவிட்டு வந்தார். மலைக்குப் போக ஒப்புக்கொண்டது நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

"ஐயோ தம்பி, நான் வெள்ளிக்கிழமை விரதக்காரன். என்னைப்போய் வேட்டைக்குக் கூப்பிடுறான். நீயும் துணைக்கு வா."

துவக்குக் கடையில் விற்பனையாளர் முதலில் ஒரு நீளமான ஸ்கோப்பைத் தூக்கி வைத்தார்.

"உது என்ன, குழாய்க்கிணறோ? உதைக் கொண்டு மலை ஏறேலுமே?"

சின்னதாக ஒன்று வந்தது. அண்ணை தட்டினார். பிறகு காதோரம் பிடித்துத் தேங்காயைப்போலக் குலுக்கினார். விற்பனையாளர் என்னைப் பார்த்தார்.

"உள்ளுக்குத் தண்ணி கிடக்குதோ எண்டு பாக்கிறன். சொல்லு."

சொன்னேன். அந்த மனிதர் சிரிக்கவில்லை. உள்ளே நைட்ரஜன் காஸ் அடைத்து மூடியிருக்கிறது, ஈரம் போகாது என்று விளக்கினார்.

"காஸோ? முடிஞ்சால் திருப்பி அடிச்சுத் தருவினமோ எண்டு கேள்."

அதை நான் கேட்கவில்லை. எனக்கும் மானம் ரோசம் இருக்கிறது. பேச்சை மாற்றி, "அண்ணை, இது நல்லாப் பெரிசாக் காட்டாதாம்" என்றேன்.

"அதுதான் வேணும். கூடப் பெரிசாக் காட்டினால் ஆட்டின்ர மூக்குத்தான் தெரியும். ஆடு எங்க நிக்குதெண்டு தெரியாது."

பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்காரர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். பிறகு எங்கள் பேஸ்மென்ற் பட்ட பாடு! ஸ்கோப் எங்கள் ஃப்ரீஸரில் பாரை மீனோடு படுத்தது. பிறகு வெந்நீர் வாளிக்குள் இறங்கியது. ஒட்டுப்போட்ட சைக்கிள் ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்போமே, அதே சோதனை. தமிழ்க்கடைத் தராசில் ஒரு கட்டு முருங்கைக்காயைவிடப் பாரம் என்று ஒன்று திரும்பிப் போனது. வீட்டுக்கார அன்ரியின் வாஷிங் மெஷினில் உடுப்போடு சுழற்றக் கேட்டபோது அன்ரி அகப்பையோடு வந்தார். கடைசியில் ஒன்று எல்லாவற்றிலும் தேறியது. அதற்குள் கடைக்காரர் எங்கள் தலைக்கறுப்பைக் கண்டாலே உள்ளே போய்விடப் பழகியிருந்தார்.

மலையடியில் ஃபோர்மன் அதைத் துவக்கில் பூட்டக் கேட்டார். "பொறுங்கோ, ஒரு சோதினை மிச்சம். இது ஒரு நாள் மலைக் குளிர் குடிக்கட்டும்" என்று அண்ணை ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் மொழிபெயர்க்க, ஃபோர்மன் தலையில் கைவைத்தார்.

மத்தியானம் ஒதுங்கப் போன இடத்தில் நான் சறுக்கினேன். சறுக்கிச் சறுக்கிக் கீழே ஒரு பாறை இடுக்கில் போய் விழுந்தேன். கணுக்கால் பிசகிவிட்டது. எழும்ப முடியவில்லை. பனிப்புகார் வந்து மூடியது. கத்தினால் என் குரலே நாலு பக்கத்திலிருந்தும் திரும்பி வந்தது. பொழுது படுவதற்குள் அவர்கள் என்னைக் காணாவிட்டால் விறைத்துச் சாவேன் என்பது நன்றாக விளங்கியது. போதாததற்கு நான் மலிவாக வாங்கிப் போட்டிருந்த ஜாக்கெட் பாறையின் அதே நிறம்.

புகார் கொஞ்சம் விலகியபோது, குளிருக்குக் கழுத்தில் சுற்றியிருந்த சரத்தை அவிழ்த்து ஆட்டத் தொடங்கினேன். படுக்கும்போது லுங்கிபோல இடுப்பில் கட்ட ஊர் வழக்கப்படி கொண்டுவந்த நீலக்கட்டம் போட்ட சரம் அது.

மேலே ஃபோர்மனின் பைனாக்குலருக்குள் ஈரம் பிடித்து ஒன்றும் தெரியவில்லையாம். அண்ணை பைக்குள் இருந்ததை எடுத்துக் கண்ணில் வைத்தார்.

"முதல்ல ஆடெண்டுதான் நினைச்சன்" என்று பிறகு எல்லோருக்கும் சொல்லுவார். "பாத்தால் சரம் ஆட்டுது. சரம் வைச்சிருக்கிற ஆடு இவன் ஒருத்தன்தானே! துவக்கில பூட்டியிருந்தால் பிள்ளை நிக்கிற பக்கம் துவக்கை நீட்டியெல்லோ தேடியிருக்கவேணும்? அது என்னால ஏலாது."

இருவரும் கயிறு பிடித்து இறங்கி வந்தார்கள். அண்ணையின் முகம் வெளிறியிருந்தது. பக்கத்தில் குந்தி, விரல்மொளியால் என் உச்சியில் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"உடையேல்லை" என்றார். "நல்ல சாமான்." சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

ஃபோர்மன் என்னை முதுகில் சுமந்தார். அந்த வருடம் ஒரு ஆடும் சாகவில்லை, நானும் சாகவில்லை. பிறகு பிள்ளை குட்டியோடு மார்க்கம் நகரில் வீடு வாங்கினேன். குடிபுகுந்த அன்று அண்ணை வந்து எல்லாச் சுவரையும் தட்டிப் பார்த்தார். இந்த வாழ்வு அவர் தந்தது. அதை நேரே சொன்னபோதெல்லாம் "விசர்க்கதை கதையாதை" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

இப்போது அவர் இல்லை. தலைக்குக் குளிக்கும்போது அந்த உச்சியில் மட்டும் இன்றைக்கும் மெதுவாகத்தான் தேய்க்கிறேன்.