சுவரில் ஓடிய கச்சேரி

முன்வரிசையில் ஒருவர் காதைத் தொட்டுக் காட்டினார். சத்தம் அதிகமோ என்று உமைர் வால்யூமைக் குறைத்தான்.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு மாடி ஹாலில் அவனுடைய நிகழ்ச்சி. லேப்டாப்பில் கோடிங் எழுத எழுத அது அங்கேயே இசையாக மாறும். எழுதுவதெல்லாம் பின்சுவரில் பெரிதாகத் தெரியும். ஒளிக்காமல் வாசிப்பதுதான் இந்தக் கூட்டத்தின் வழக்கம்.

நடு நாற்காலியில் அவன் காதலி முனீராவின் அத்தா சேக் தாவூது. "பாட்டுக்காரனுக்குப் பொண்ணு கெடையாது" என்று ஆறு மாதமாக மறுத்தவர், மகளின் பிடிவாதத்தால் பூன் லேயிலிருந்து எம்ஆர்டி ரயில் ஏறி வந்திருந்தார். இன்று பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகப் பேச்சு.

இப்போது நான்கு பேர் காதைத் தொட்டார்கள். ஹெட்போனில் உமைருக்கே டிரம்ஸ் இடித்தது. டிரம்ஸ் வரியை நீக்கினான். பின்னாலிருந்து ஒரு பெண் இரு கைகளாலும் சைகை செய்தாள். அவ்வளவு கேவலமாகவா இருக்கிறது? வால்யூமை இன்னும் பாதியாக்கினான்.

சேக் தாவூது கண்கொட்டாமல் முறைத்தார்.

பதற்றம் வந்தால் எழுதித் தீர்ப்பது உமைரின் பழக்கம். வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. தைரியமாகத் தட்டினான்: "// மாமா மொறைக்கிறாரு. முனீராவக் குடுக்க மாட்டாரு போல."

ஹாலில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தான். சுவரில் ஒவ்வோர் எழுத்தும் முழ நீளம்.

உமைருக்கு மானமே போனது. "// மன்னிச்சிருங்க மாமா" என்று அவசரமாக எழுதினான். சிரிப்பு கூடியது. அந்த வரியை அழிக்கப்போய் மொத்தமும் அழிந்தது. லேப்டாப்பை மூடிவிட்டுத் தலை நிமிராமல் வெளியேறினான். கைதட்டினார்கள். அதுவும் கேலியாகத்தான் பட்டது.

படிக்கட்டில் முனீரா ஓடிவந்தாள். "உமைர், அது வந்து..."

"ஒண்ணும் சொல்லாத லா. அசிங்கமா இருக்கு."

பின்னாலேயே சேக் தாவூது வந்து அவன் கையைப் பிடித்தார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை அத்தா அம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

"மாமா... என் மியூசிக்..."

"அதனாலதான் சொல்றேன். அரை மணி நேரம் வாசிச்சீங்க, ஒரு பொட்டுச் சத்தம் வெளிய வரலையே!"